ஒரே தண்டனை, இரண்டு கால்சட்டை

கேள்வி: ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் தூக்கு விதிக்காமல் நீதிபதி கருணை காட்டினார். வெள்ளையர், கறுப்பர் என்று பார்க்காமல் ஒரே தண்டனை கொடுத்தார். நிறவெறி அரசிலும் சட்டம் நேர்மையாக இருந்தது என்று ஒப்புக்கொள்வீர்களா? (ஒரு வாசகர், திருப்பத்தூர்)

பதில்: ‘ஒரே தண்டனை’ என்ற இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிராக நாசவேலை செய்ததாகப் போட்ட வழக்கு அது. 1964 ஜூன் 12, பிரிட்டோரியா. நீதிபதி குவார்டஸ் டி வெட் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தார். ஏழு பேரை அன்றிரவே விமானத்தில் ஏற்றி ராபன் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். எட்டாமவர் டெனிஸ் கோல்ட்பெர்க், வெள்ளையர். அவருக்கு அந்தத் தீவில் இடம் கிடையாது; பிரிட்டோரியாவிலேயே வெள்ளையர் சிறை.

தீவில் இறங்கியதும் துணி கொடுத்தார்கள். இந்திய வம்சாவளியான அகமது கத்ராடாவுக்கு முழுக்கால்சட்டை, காலுறை. மற்ற ஆறு பேருக்கும் அரை டிராயர். காலுறை இல்லை. ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். மண்டேலா வக்கீல், வயது 45. சிசுலுவுக்கு 52. கோவன் எம்பெகிக்கு அடுத்த மாதம் 54 பிறக்கப் போகிறது. கறுப்பனுக்கு எத்தனை வயதானாலும் அவன் ‘பையன்’தான் என்பது அந்த அரசின் கொள்கை. பையனுக்கு டிராயர் போதாதா? சாப்பாட்டிலும் இதே கதை. கத்ராடாவின் பங்கில் ரொட்டி உண்டு, கறுப்பர் பங்கில் இல்லை. எனக்கும் வேண்டாம் என்று கத்ராடா சொல்லிப் பார்த்தார். தோழர்கள் விடவில்லை. கிடைத்ததை விட்டுக்கொடுக்காதே, எல்லோருக்கும் அதையே கேட்டுச் சண்டை போடுவோம் என்றார்கள்.

ஆக, நீதிபதி பார்க்காத நிறத்தை ஸ்டோர் கீப்பர் இன்ச் டேப் வைத்துப் பார்த்திருக்கிறார். எந்தத் தோலுக்கு எத்தனை அங்குலத் துணி, எத்தனை துண்டு ரொட்டி என்று கணக்கெழுத ஒரு குமாஸ்தா இருந்திருப்பார். அவருக்கு ஒரு மேலதிகாரி, வருஷாவருஷம் ஆடிட். மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவி, “இன்றைக்கு ஆபீசில் ரொம்ப வேலையா?” என்று கேட்டால் அந்த மனிதர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்து யோசித்தே எனக்கு இந்த இதழ் தாமதமாகிவிட்டது.

கருணைக்கு வருகிறேன். அரசு வக்கீல் பெர்சி யூடார் தேசத்துரோக வழக்குப் போடவில்லை. அதற்கு முதற்கட்ட விசாரணை வேண்டும், ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு சாட்சி வேண்டும். முந்தைய தேசத்துரோக வழக்கில் 156 பேரைப் பிடித்து நாலு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்து, 1961இல் கடைசியாக நின்றவர்களும் விடுதலையாகி, அரசு மூக்குடைபட்டிருந்தது. அதனால் சுலபமான நாசவேலைச் சட்டத்தைக் கையில் எடுத்தார் யூடார். இது சாராம்சத்தில் தேசத்துரோகம்தான், ஆனால் அரசு அப்படிக் குற்றம் சாட்டவில்லை என்பதைக் கணக்கில் எடுத்துத்தான் உச்ச தண்டனையைத் தவிர்க்கிறேன் என்று நீதிபதியே சொன்னார். உலகத்தின் கண் அந்தக் கோர்ட் மேல் இருந்ததையும் மறக்க வேண்டாம். இதில் கருணை எங்கே வந்தது?

‘எல்லாம் சட்டப்படிதானே நடந்தது’ என்று எழுதுகிற அன்பர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்கு நெடுநாள் தகராறு. டிராயர் கொடுத்ததும் விதிப்படிதான் ஐயா!

நேர்மை வேண்டுமென்றால் மண்டேலா தரப்பு வக்கீல் பிராம் ஃபிஷரைப் பாருங்கள். ஆப்பிரிகானர் (டச்சு வம்சாவளி வெள்ளையர்), ஒரு நீதிபதியின் மகன், ரகசியமாகக் கம்யூனிஸ்ட். போலீஸ் வளைத்த ரிவோனியா பண்ணைக்கு, அதாவது தோழர்கள் ரகசியமாகக் கூடிய இடத்துக்கு, அவரே போய்வந்தவர். பண்ணை வேலையாட்கள் சாட்சி சொல்ல வந்தபோது, அடையாளம் காட்டிவிடுவார்களே என்று கோர்ட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. 1966இல் அவருக்கும் ஆயுள். கோல்ட்பெர்க் இருந்த அதே சிறை. புற்றுநோயில் விழுந்த வக்கீலை அங்கே கட்சிக்காரர்தான் பார்த்துக்கொண்டார். 1975இல் ஃபிஷர் இறந்ததும் அவருடைய சாம்பலைக்கூடச் சிறைத்துறை கேட்டு வாங்கிக்கொண்டது. அதற்கும் ஒரு விதி வைத்திருப்பார்கள்.

1995இல் ஜனாதிபதி மண்டேலா, தன்னைத் தண்டிக்க வாதாடிய யூடாரை விருந்துக்கு அழைத்தார். பெரிய மனசு. நானாக இருந்தால், அரை டிராயரில் வரச் சொல்லியிருப்பேன்.