சாதாரண விவசாயி

கேள்வி: சஃபோக் என்ற இழுவைக் குதிரை இனத்தைப் பற்றிப் போன இதழில் எழுதியபோது தாமஸ் கிரிஸ்ப் என்பவரை இரண்டு இடத்தில் குறிப்பிட்டீர்கள். அவர் குதிரை வளர்த்த ஒரு சாதாரண விவசாயிதானே? நினைவுகூர அப்படி என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், தாராபுரம்)

பதில்: அந்தச் 'சாதாரண' என்ற சொல்லை நான் சும்மா விடப்போவதில்லை. வக்கீலை நாம் வக்கீல் என்கிறோம், டாக்டரை டாக்டர் என்கிறோம். விவசாயி என்று எழுதப் போனால் மட்டும் முன்னால் ஒரு 'சாதாரண' தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. இருபது வருடமாக இந்தப் பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளில் அதை அடித்து அடித்து என் பேனா தேய்ந்ததுதான் மிச்சம். நேற்றுகூட ஒன்றை அடித்தேன்.

சரி, கிரிஸ்ப்புக்கு வருவோம். கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், வுட்பிரிட்ஜ் ஊருக்குப் பக்கத்தில் அஃபர்ட் என்று ஒரு கிராமம். கிரிஸ்ப் அந்த ஊர்க்காரர். அவரிடம் 1768-இல் பிறந்த ஓர் ஆண் குதிரை இருந்தது. பளிச்சென்ற செம்பழுப்பு நிறம். உயரம் பதினைந்தரை கை, அதாவது தோள் வரை 62 அங்குலம். 1773-இல் அதைப் பொலிக்கு விடுவதாக விளம்பரம் கொடுத்தார். கோச்சு வண்டிக்கும் சாலைக்கும் ஏற்ற நல்ல குட்டிகள் பிறக்கும் என்று அதில் சொன்னார். இன்று உயிரோடிருக்கும் எந்த சஃபோக் குதிரையை எடுத்துக்கொண்டாலும், அப்பா, அப்பாவின் அப்பா என்று மேலே மேலே போனால் அந்த ஒரு குதிரையில்தான் போய் நிற்கும். அதற்குத் தனியாக ஒரு பெயர்கூடக் கிடையாது. 'அஃபர்ட் கிரிஸ்ப்பின் குதிரை', அவ்வளவுதான்.

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இதே மாதிரி இன்னொரு கதை உண்டு. ஜஸ்டின் மார்கன் என்ற பாட்டு வாத்தியாருக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக ஒரு குதிரைக்குட்டி வந்து சேர்ந்தது. வாத்தியார் 1798-இல் இறந்தார். குதிரை 1821 வரை இருந்தது. ஃபிகர் என்ற அதன் சொந்தப் பெயர் பின்னுக்குப் போய், ஊரே அதை ஜஸ்டின் மார்கன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. மார்கன் இனம் முழுக்க அதன் வழி வந்தது.

கிரிஸ்ப்பின் விஷயம் நமக்கு எப்படித் தெரிய வந்தது? அதற்குக் காரணம் இன்னொரு விவசாயி. பிளேஃபோர்டு கிராமத்து ஹெர்மன் பிடெல். சஃபோக் குதிரைக்காக 1877-இல் சங்கம் ஆரம்பித்தபோது அவர்தான் முதல் செயலாளர். பழைய விளம்பரங்களைத் தேடி எடுத்தார். முதிய விவசாயிகளின் நினைவில் இருந்ததைக் கேட்டு வாங்கினார். எது எதற்குப் பிறந்தது, யார் வீட்டில் நின்றது என்று கோத்து, 1880-இல் வம்சாவளிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு குதிரையை அப்படித்தான் பிடித்தார். நான் வணங்கும் பதிப்பாசிரியர்களில் அவர் ஒருவர்.

ஒரு சஃபோக் குதிரையின் கணுக்காலைப் படத்தில் பாருங்கள். மற்ற பெரிய இழுவைக் குதிரை இனங்கள் பலவற்றுக்குக் குளம்பை மூடிக் கற்றை கற்றையாக முடி தொங்கும். இதற்கு அது இல்லை. சஃபோக் வயல் கனத்த களிமண். முடி இருந்தால் சேறு அப்பிக்கொள்ளும். தங்கள் மண்ணுக்கு எது தோதோ அதை அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த வேலை அது.

அப்புறம் டிராக்டர் வந்தது. 1966-இல் பதிவான குட்டிகள் மொத்தம் 9. அந்த நிலைமையில் எந்தப் பெட்டையை எதோடு சேர்க்கலாம், எது நெருங்கிய ரத்தம் என்று பார்க்க பிடெல் தொடங்கிவைத்த புத்தகம் கையில் இருந்தது. அதே சஃபோக்கில் ஹோஸ்லி பே சிறையில் கைதிகள் பராமரித்துவந்த பழைய சஃபோக் குதிரை மந்தையை 2006-இல் ஓர் அறக்கட்டளை வாங்கி இன்றும் காப்பாற்றுகிறது.

எங்கள் தாத்தாவிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருந்தது. ஓரமெல்லாம் மண்ணெண்ணெய்க் கறை. ஒரு பக்கம் மட்டும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: 'சித்திரை 12. மயிலைப் பசு. கிடாரி. செவலை. தாய் போலக் கொம்பு வரும்.' காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் நிறம் மாறும் என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அவர் போன பிறகு வீட்டைச் சுத்தம் செய்தவர்கள் அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். இரங்கல் மலர் மட்டும் பளபளவென்று அச்சடித்தோம். 'எளிமையானவர், கடும் உழைப்பாளி, மண்ணின் மைந்தர்.' பெயரை மாற்றினால் எந்த ஊர்ப் பெரியவருக்கும் பொருந்தும். அவர் வளர்த்த ஒரு மாடுகூட அதில் இல்லை. இப்படி அச்சடிக்கிறவர்களோடு எனக்கு அன்றிலிருந்து சண்டை.

நீங்கள் தாராபுரத்துக்காரர். காங்கேயம் மாடு உங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சொத்து. காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தையைத் தெரிந்த அளவுக்கு, உங்கள் தெருவில் நாலு மாடு வைத்திருக்கிற பெரியவரை யாருக்கும் தெரியாது. ஒரு நோட்டோடு போங்கள். தொழுவத்தில் நிற்கிற பசுவின் அம்மா எது, பாட்டி எது, யாரிடம் வாங்கியது, எந்தக் காளைக்குச் சேர்த்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். எவ்வளவு நீளமானாலும் இடம் தருகிறேன்.