அம்மாவின் மாத்திரைப் பை

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். தோல் மருத்துவமோ ரேடியாலஜியோ படி என்றால், எங்கள் தெருக்கோடி டாக்டரைப் போலக் குடும்ப டாக்டராகத்தான் ஆவேன் என்கிறாள். அவரிடம் போய் உட்கார்ந்து ஒரு நோயாளிக்கு அரைமணி நேரம் செலவிடுகிறாள். வீட்டிலும் என் அம்மாவின் மாத்திரைப் பையைக் கொட்டிக்கொண்டு ஒரு மாலை முழுவதும் வீணாக்கினாள். அம்மாவுக்குத் தலைசுற்றல் நின்றது என்னவோ உண்மைதான். ஆனால் 'வெறும் எம்.பி.பி.எஸ்.' என்றால் நல்ல வரன் வருமா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: "நின்றது என்னவோ உண்மைதான்." பெற்ற தாயின் தலைசுற்றல் நின்றதைப் போகிற போக்கில் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? வரன் இருக்கட்டும். முதலில் அந்தப் பைக்கு வாருங்கள்.

அதில் மகள் என்ன கண்டாள் என்று நீங்கள் எழுதவில்லை, கேட்டிருக்கவும் மாட்டீர்கள். இப்படிப்பட்ட பைகளில் பலமுறை இருப்பதை நான் சொல்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு இதய நிபுணர் ஆம்லோடிபின் எழுதியிருப்பார். சர்க்கரைக்குப் பார்ப்பவர் அதையே வேறு கம்பெனிப் பெயரில் எழுதியிருப்பார். அந்த மருந்து அதிகமானால் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைக் காட்டப் போன இடத்தில் நீர் பிரிய இன்னொரு மாத்திரை. அப்புறம் பாயிலிருந்து எழுந்தாலே கண் இருட்டும். மூவரும் நன்றாகப் படித்தவர்கள். ஆனால் முழுப் பையையும் பார்த்தவர் ஒருவரும் இல்லை. படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்து, மேல் அளவு 20 இறங்குகிறதா என்று கவனிக்க ஸ்கேன் வேண்டாம், ஆள் வேண்டும். அந்த வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பையைப் பிரித்திருக்க வேண்டியவர் மகன். மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டீர்கள். பேத்தி உட்கார்ந்தாள். அதை எனக்குப் புகாராக எழுதுகிறீர்கள்!

மகளுக்கும் ஒரு வார்த்தை. பாசமும் பொறுமையும் மட்டும் போதாது. குழந்தையின் காய்ச்சல், கர்ப்பிணியின் கால் வீக்கம், முதியவரின் மறதி எல்லாம் ஒரே அறைக்குள் வரும். எதைத் தானே பார்ப்பது, எதை அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று தெரியப் பயிற்சி வேண்டும். குடும்ப மருத்துவத்துக்கென்றே டி.என்.பி. என்ற 3 ஆண்டுப் படிப்பு இருக்கிறது. அதற்கும் முதுநிலை நீட் எழுத வேண்டும். எழுதட்டும்.

அந்த 'வெறும்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். வியாசர்பாடியில் 2 ரூபாய்க்கு வைத்தியம் தொடங்கி, '5 ரூபாய் டாக்டர்' என்றே பெயரெடுத்து, 2020இல் மறைந்த திருவேங்கடத்திடம் போன ஏழைகள், அவர் பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து என்று எண்ணிவிட்டா போனார்கள்? உங்கள் மகள் 5 ரூபாய் வாங்க வேண்டாம். நியாயமான கட்டணம் வாங்கிக் கௌரவமாக வாழட்டும்.

பாட்டிக்காக ஒரு மாலையைக் கொடுத்த பெண்ணை வேண்டாம் என்கிற வீடு, நாளை அவள் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்குமா? அந்த வரன் வராமல் இருப்பதே நல்லது.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பையை நீங்களே பிரியுங்கள். எது எதற்கு, காலையா இரவா என்று மகளைக் கேட்டு, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளோடு நீங்கள் கூடப் போங்கள்.