மத்தியானம் மடிகிற வாழைக்கு மோட்டார் போடலாமா?

தொண்டாமுத்தூர் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “நேந்திரன், ஐந்து மாசப் பயிர். காலையில் நன்றாக நிற்கிறது, மத்தியானம் இலையெல்லாம் கூரை மாதிரி மடிந்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருக்கிறது. இன்னொரு தண்ணீர் விடட்டுமா?”

வேண்டாங்க.

போர் மோட்டார் கீழே இருந்து தள்ளும். செடியில் மேலே இருந்து இழுவை. இலையின் துளைகள் வழியாக நீர் ஆவியாகப் போகப் போக, அதற்குப் பின்னால் இருக்கிற நீர் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, தண்டுக்குள் இருக்கிற நுண்குழாய்களில் வேர் வரைக்கும் ஒரே கயிறாக இழுபட்டு மேலே வருகிறது. 1894-இல் டப்ளினில் டிக்ஸன், ஜாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்ன விளக்கம் இது. வேர் குடிப்பதில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இப்படிக் காற்றுக்குத்தான் போகிறது.

வேரும் கொஞ்சம் தள்ளத்தான் செய்யும். தார் வெட்டிய அடிமரத்தைக் குழியாகச் சீவி விட்டால் ராத்திரியில் நீர் ஊறி நிற்குமே, அது வேரின் வேலை. ஆனால் உச்சி வெயிலில், அதுவும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற நாளில், இலை இழுக்கிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் வாழை நடுநரம்பின் இரண்டு பக்கமும் இலையை மடித்து வெயிலைக் குறைத்துக்கொள்கிறது. சாயங்காலம் தானாக விரிந்தால் பயமே இல்லை.

இதற்குப் பயந்து ஈர மண்ணில் மறுபடியும் தண்ணீர் கட்டினால்தான் வம்பு. வேருக்குக் காற்று வேண்டும். களிப்பான மண்ணில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டி, நீரில் நின்றுகொண்டே பயிர் வாடும். உப்புத் தண்ணீர் போர் என்றாலும் கிட்டத்தட்ட இதே கதை, நீரை உப்பு பிடித்துக்கொண்டு வேருக்கு விடாது.

நாளை விடியற்காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அப்போதும் இலை தொங்கினால் ஒரு ஜாண் தோண்டி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் விடுங்கள், சொட்டுநீர் என்றால் காலையிலேயே. ஈரம் இருந்தும் தொங்குகிறது, அடியிலைகளும் மஞ்சளாகி மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி விழுகின்றன என்றால் அந்த மரத்தின் தண்டைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தால் வாடல் நோய் என்று சந்தேகப்படணும். பூஞ்சை நீர்க்குழாய்களையே அடைத்துவிடும். அப்புறம் அங்கிருந்து வடிகிற தண்ணீர் பக்கத்து வாழைக்குப் பாயாமல் முதலில் மடையை அடைத்துவிடுங்கள்.