இதழியல் முடித்தாயிற்று, கையில் கேமராவும் இருக்கிறது: முதல் வேலை எங்கே?

கேள்வி: சென்னையில் முதுகலை இதழியல் முடித்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பியிருக்கிறேன். டெஸ்கில் உட்கார்ந்து செய்யும் வேலையில் மனம் ஒட்டவில்லை. ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரராக ஆசை. பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் 50 எம்.எம். லென்ஸும் இருக்கின்றன. கடன் வாங்கி நல்ல கேமரா எடுக்கட்டுமா? முதல் வேலை எப்படிக் கிடைக்கும்? எவ்வளவு கேட்பது? வீட்டில் ஒரு வருடம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: கடன் வேண்டாம். பத்து வருடப் பழைய டி.எஸ்.எல்.ஆர். எடுக்கும் படம் நாளிதழ் அச்சுக்குத் தாராளமாகப் போதும். பெரிய லென்ஸ் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுங்கள். இப்போதைக்குக் கூடுதல் பேட்டரி ஒன்றும் ஹார்ட் டிஸ்க் இரண்டும் வாங்கினால் போதும். ஒரு டிஸ்க்கை வீட்டிலும் இன்னொன்றை வேறு யாராவது ஒருவர் வீட்டிலும் வைத்துவிடுங்கள்.

முதல் வேலையை யாராவது கொடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். காவிரி டெல்டாவில் இருக்கிறீர்கள். குறுவை நெல் அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் பல வருடங்களில் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுகின்றன. அரசு கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழையில் அதற்குள் நெல்லைக் காயவைக்க முடியாமல், ரோட்டில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, நேரடிக் கொள்முதல் நிலைய வாசலிலேயே படுத்துக் கிடக்கிறார்கள் விவசாயிகள். செய்திகளில் வழக்கமாக வருவது தார்ப்பாய் மூடிய குவியலின் படம். நீங்கள் அதைத் தாண்டிப் போகவேண்டும். ஈரப்பதம் பார்க்கும் கருவியின் எண்ணை உற்றுப் பார்க்கும் முகம், உள்ளங்கையில் முளைவிட்ட நான்கு நெல்மணி, ராத்திரி டார்ச் அடித்துக் குவியலைக் காக்கும் ஆள். மூன்று வாரம் ஒரே நிலையத்துக்குப் போய்வந்தால் இவை கிடைக்கும். இரண்டு மணி நேரத்தில் வந்து திரும்பும் ஆளுக்குக் கிடைக்காது.

இதழியல் படிப்பு கைகொடுப்பதும் இங்கேதான். நல்ல படம் எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், படத்தோடு சரியான தகவல் தருபவர்கள் குறைவு. “நெல்லைக் காயவைக்கும் விவசாயி” என்பது எந்த ஊருக்கும் எந்த வருடத்துக்கும் பொருந்தும். அவருடைய சம்மதத்தோடு பெயர், ஊர், தேதி, எத்தனை நாளாகக் காத்திருக்கிறார், கருவி காட்டிய ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதினால் அது செய்தி. அதைப் படக்கோப்பின் மெட்டாடேட்டாவிலேயே (கோப்புக்குள் பதியும் விவரக் குறிப்பு), உங்கள் பெயரோடு சேர்த்து நிரப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்தின் தரமும் போகும், இந்தத் தகவலும் போகும். ஒரிஜினலை மெயிலில் அல்லது டிரைவ் லிங்கில் மட்டும் அனுப்புங்கள்.

மதுரைக்காரரான எம். பழனிக்குமாரின் படங்களைப் பாருங்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய, கிராமப்புற வாழ்க்கையைப் பதிவுசெய்யும் ‘பாரி’ இணையதளத்தில் புகைப்படக்காரர். மீன் விற்கும் தன் அம்மாவின் வாழ்க்கையையே படத்தொகுப்பாகச் செய்தவர். தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. பாரி தமிழிலும் வெளியாகிறது, வெளியிலிருந்து வரும் கட்டுரைகளையும் ஏற்கிறது. படங்களை அனுப்பும்போது அறுபது அனுப்பாதீர்கள். எட்டு அல்லது பத்து படம், ஆறு வரியில் கதை, இது ஏன் இப்போது வரவேண்டும் என்று ஒரு வரி. படத்தேர்வை ஆசிரியர் தலையில் கட்டினால் அவர் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார்.

சொந்த முயற்சியில் தொடங்கச் சொல்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் கேட்டு, பணமும் கொடுத்து நீங்கள் படம் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை பணம் கொடுத்தவருக்கே. நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது. ஒரு பத்திரிகைக்கு ஒருமுறை வெளியிட மட்டும் அனுமதி கொடுக்கலாம், பிறகு அதையே இன்னொருவருக்கும் கொடுக்கலாம். எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. ஆரம்ப காலத்தில் ஒரு நிறுவனத்துக்குக் கோயில் திருவிழாப் படங்கள் எடுத்துக் கொடுத்தேன். பேசியது ஒரு சிறப்பு மலருக்கு மட்டும். அடுத்த வருடம் அதே படங்கள் அவர்களுடைய காலண்டரில் பன்னிரண்டு மாதமும் தொங்கின. போய்க் கேட்டபோது காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அதனால் வேலைக்குப் போகும் முன்பே மெயிலில் நான்கு வரி எழுதிப் பதில் வாங்கிவிடுங்கள்: எத்தனை படம், எங்கே எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், பதிப்புரிமை யாருக்கு, பணம் எந்தத் தேதிக்குள்.

எவ்வளவு கேட்பது? மார்க்கெட் ரேட்டை விசாரிக்கும் முன் உங்கள் கணக்கைப் போடுங்கள். 1,20,000 ரூபாய் பெறுமான சாமான் நான்கு வருடம் உழைக்கும் என்றால் மாதம் 2,500 ரூபாய். சாப்பாடு, பஸ், போன், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து 15,000 என்று வையுங்கள். மாதத்தில் ஏழு நாள்தான் சம்பளம் தரும் வேலை வரும் என்றால், ஒரு நாளின் அடக்க விலையே 2,500 ரூபாய். அதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டு உழைக்கிறீர்கள். நிறுவனங்கள் 10 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடித்துக் கொடுக்கலாம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், கட்டவேண்டிய வரிக்கு மேல் பிடித்தது திரும்பி வரும். ஜி.எஸ்.டி. பற்றிய பயம் இப்போது வேண்டாம், சேவைகளுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு வருடமும் பத்திரிகைப் பணத்தில் ஓடாது, அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். கல்யாணத்துக்குப் போங்கள். ஊரில் ஏற்கெனவே பெயர் எடுத்த ஒருவரோடு இரண்டாவது ஆளாகக் கேண்டிட் (போஸ் இல்லாத இயல்பான படங்கள்) எடுங்கள். தாலி கட்டும் பத்து விநாடியைத் தவறவிடாமல் பிடிக்கப் பழகிய கை, போராட்டத்திலும் தடுமாறாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மார்கழியில் சென்னை சபாக்களின் இசைக் கச்சேரிகள் இருக்கின்றன. அங்கே சத்தமில்லாமல் எடுக்க எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் எல்.இ.டி. வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் அது அடங்கும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எந்தப் படத்தையும் யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள். குழந்தையானால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு படத்தை மட்டுமல்ல, வீடு, பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் சொல்லும் எதையும் வெளியிடத் தடை செய்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலைத் தெளிவாகக் காட்டும் படம்கூட அதில் அடங்கும்.

குறுவை அறுவடைக்கு முன்பே ஒருமுறை பக்கத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கேமரா இல்லாமல் போய், அங்கே இருப்பவர்களோடு டீ குடித்துவிட்டு வாருங்கள். மழை வரும் நாளில் உங்களை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.