ஈசிஇ படிக்கும் மகளுக்குப் பிராசசர் துறை சரிப்படுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் ஈசிஇ இரண்டாம் ஆண்டு. பிராசசர் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். சொந்தக்காரர்களோ, "சிப் எல்லாம் ஐஐடி பிள்ளைகளுக்கு, பேசாமல் ஜாவா படிக்கச் சொல்லுங்கள்" என்கிறார்கள். நடுவில் ஒரு பயிற்சி மையம், இந்த வாரமே பணம் கட்டினால் சலுகை என்று உங்களை நெருக்குகிறது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: பணம் கட்டாதீர்கள். அவள் இப்போது கற்க வேண்டியதற்கு ஒரு சாதாரண லேப்டாப் போதும்.

எந்தப் பிராசசருக்கும் நடுவில் இருப்பது இன்ஸ்ட்ரக்‌ஷன் செட். இந்த எண் வந்தால் கூட்டு, அந்த எண் வந்தால் நினைவகத்திலிருந்து எடு என்று ஹார்டுவேரும் சாஃப்ட்வேரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. அதன் ஒரு பக்கத்தில் வெரிலாக் என்ற ஹார்டுவேர் மொழியில் சர்க்யூட் எழுதுகிறவர்கள், அதைச் சரிபார்க்கிறவர்கள், லேஅவுட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கத்தில் நிரலைப் பிராசசருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், லினக்ஸ் டிரைவர், ஃபர்ம்வேர் எழுதுகிறவர்கள். உங்கள் உறவினர்கள் சர்க்யூட் எழுதுகிறவரை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். நன்றாகக் கோடிங் தெரிந்து, அடியில் ஹார்டுவேர் என்ன செய்கிறது என்பதும் புரிந்த ஆள்தான் இந்தத் துறையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஈசிஇ படிக்கும் பெண் அந்த ஆளாக வர முடியும். சிஎஸ்இ எடுக்காமல் விட்டோமே என்று வருந்த வேண்டியதே இல்லை.

பெரும்பாலான லேப்டாப்களில் இருக்கும் எக்ஸ்86 வகைப் பிராசசரை இன்டெல், ஏஎம்டி போன்ற ஒன்றிரண்டு நிறுவனங்கள்தான் செய்ய முடியும். மொபைல் போன்களில் இருக்கும் ஆர்ம் வகை வேண்டுமென்றால் உரிமம் வாங்க வேண்டும். 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் செட் அப்படியல்ல. அதன் விதிகளை யாரும் எடுத்து, யாரையும் கேட்காமல், தனக்கென்று ஒரு பிராசசர் எழுதிக்கொள்ளலாம். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி பிராசசர் இதன்மேல் கட்டியதுதான். 2018இல் அதை அமெரிக்காவில் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், சண்டிகரை ஒட்டிய மொகாலியில் 180 நானோமீட்டர் ஆலையிலும் சிப்பாக அடித்துக் காட்டினார்கள். மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக் திருவனந்தபுரத்தில் செய்திருக்கும் வேகா பிராசசர்களும் இதே வழிதான். சக்தியின் மூலநிரல் வெளிப்படையாகவே கிடைக்கிறது. ஆனால் அது ப்ளூஸ்பெக் என்ற மொழியில் இருப்பதால், எடுத்தவுடன் அதைத் திறந்தால் மிரண்டுபோவாள். சின்னதாகத் தொடங்கட்டும்.

ரிஸ்க்-ஃபைவின் அடிப்படை 32 பிட் தொகுப்பில் ஏறக்குறைய நாற்பது இன்ஸ்ட்ரக்‌ஷன்கள்தான். ஒரு செமஸ்டரில் அவற்றை வெரிலாக்கில் எழுதிவிடலாம். அதை ஓட்டிப் பார்க்கும் வெரிலேட்டர், சிக்னல்களை அலைவடிவமாகக் காட்டும் ஜிடிகேவேவ், சி நிரலைக் கம்பைல் செய்யும் ஜிசிசி எல்லாமே இலவசம். எழுதியதும் ஒரு சின்ன சி நிரலைத் தன் பிராசசரிலும், ஸ்பைக் என்ற சிமுலேட்டரிலும் ஓட்டி, ரிஜிஸ்டர்களில் (பிராசசருக்குள் எண்களை வைக்கும் சிறு இடங்கள்) என்ன வந்தது என்று வரிவரியாக ஒப்பிடச் சொல்லுங்கள். எங்கோ ஓரிடத்தில் உதைக்கும். எல்பி என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒரு பைட்டை எடுக்கும்போது அதன் மேல் பிட்டை இடதுபக்கம் முழுக்க நிரப்ப வேண்டும். அதை மறந்தால், ஸ்பைக்கில் மைனஸ் 128 இருக்கும் இடத்தில் இவளிடம் 128 நிற்கும். அந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு அலைவடிவத்தில் பின்னோக்கிப் போய், தப்பான வரியைக் கண்டுபிடிக்கிறாளே, அதற்குப் பெயர்தான் வெரிஃபிகேஷன். சிப் நிறுவனங்களில் ஆள் அதிகம் தேவைப்படும் பிரிவுகளில் அது ஒன்று. நேர்முகத்தில் இந்த அனுபவத்தை ஐந்து நிமிடம் தெளிவாகச் சொன்னாலே போதும், சான்றிதழை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் மறுபக்கம். ராஸ்பெர்ரி பை பிக்கோ 2 என்று ஒரு போர்டு, சில நூறு ரூபாய்தான். அதில் ஆர்ம் கோர் இரண்டு, ரிஸ்க்-ஃபைவ் கோர் இரண்டு, எது ஓட வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரே நிரலை இரண்டுக்கும் கம்பைல் செய்து, வெளிவரும் அசெம்பிளியை, அதாவது பிராசசருக்கான கட்டளை வரிசையை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். மெயின் தொடங்குவதற்கு முன்னால் ஸ்டாக் பாயின்டரை யார் வைத்தது, குளோபல் மாறிகளைப் பூஜ்யமாக்கியது யார் என்று தேடிப் பார்க்கட்டும். எம்பெடட் வேலைக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதும் வேலைக்கு, அடித்தளம் இதுதான்.

பயிற்சி மையங்களிடம் உண்மையாகவே உள்ள ஒரு வசதி, கேடன்ஸ், சினாப்சிஸ் போன்ற நிறுவனங்களின் விலை உயர்ந்த சிப் வடிவமைப்பு மென்பொருட்கள். ஆனால் மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்டப் திட்டத்தில் அவை பல கல்லூரிகளுக்குக் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் மகளே போய்க் கேட்கட்டும். இல்லையென்றால், இறுதியாண்டில் நிலைமையைப் பார்த்துப் பயிற்சி பற்றி யோசிக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறிய ஊர்க் கல்லூரிகளுக்குச் சிப் நிறுவனங்கள் வளாகத் தேர்வுக்கு வருவது அரிது. முதல் வேலை எம்பெடட் டெஸ்டிங்காக இருக்கலாம், சம்பளம் ஐடியில் சேர்ந்த தோழியைவிடக் குறைவாகவும் இருக்கலாம். கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக் போவது நல்ல வழி, அதற்கு மூன்றாம் ஆண்டிலேயே தயாராக வேண்டும். சென்னையில் இன்கோர், மைண்ட்குரோவ் போன்ற இளம் நிறுவனங்கள் ரிஸ்க்-ஃபைவில் வேலை செய்கின்றன. ஆனாலும் வாய்ப்புகள் அதிகம் இருப்பது பெங்களூரிலும் ஹைதராபாத்திலும்தான். அவளை அங்கே அனுப்ப உங்களுக்குச் சம்மதமா என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். ஆஃபர் கையில் வந்த பிறகு பேசினால் இருவருக்கும் சங்கடம்.

இந்த செமஸ்டர் முடிவதற்குள் கூட்டல், கழித்தல், லோடு, ஸ்டோர் மட்டும் ஓடினால்கூடப் போதும். அந்த நிரலை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துக் கருத்து எழுதுகிறேன். ஓடவில்லை என்றாலும் எந்த இடத்தில் நின்றது என்று அவளே எழுதி அனுப்பட்டும்.