குழந்தை உங்களிடம் சொன்னால்… வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னையில் குடிசைப் பகுதிகளிலும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலும் பிள்ளைகளோடு வேலை செய்யும், செய்ய நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. குழந்தைகள் பாதுகாப்புக் களத்தில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கே: ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. சனிக்கிழமை முழுக்க ஓய்வு. கண்ணகி நகர் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று நாலு நண்பர்கள் சேர்ந்திருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
வாசகர், துரைப்பாக்கம்

ப: முதலில் அந்தச் சனிக்கிழமையை மறந்துவிடுங்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றிலும் நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைத்தான் குடிவைத்தார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை என்று பெற்றோரில் பலர் இன்னமும் பழைய ஏரியாவுக்கே போய்த் திரும்புகிறார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு, அம்மா பஸ்ஸை விட்டு இறங்குகிற ஏழு எட்டு மணி வரை வீட்டில் ஆள் கிடையாது. ஆபத்து இருக்கிற நேரம் அதுதான். நாலு பேரும் இரண்டு ஜோடியாகப் பிரிந்து, ஜோடிக்கு ஒரு வார நாள் மாலை 4.30 முதல் 6.30 வரை வர முடியுமா என்று பாருங்கள். ஆபீஸ் விடாது என்றால், அங்கே ஏற்கெனவே மாலை வகுப்பு நடத்தும் அமைப்புக்கு ஒரு ஆசிரியரின் சம்பளத்தைக் கொடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பிறந்தநாள் கேக்கோடு வந்து போட்டோ எடுத்துப் போகிறவர்களைவிட இது எவ்வளவோ மேல்.

நீங்களாகப் புதுக் குழு தொடங்காதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் எந்தப் பகுதியில் எந்த அமைப்பு வேலை செய்கிறது என்று சொல்வார்கள். சேர்வதற்கு முன் போலீஸ் வெரிஃபிகேஷன் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களின் பின்னணியை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்கின்றன, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ம் ஆண்டு விதிகள். தன்னார்வலரையும் அதே சல்லடையில்தான் சலிக்க வேண்டும். ‘சேவை செய்ய வந்தவனைச் சந்தேகப்படுவதா’ என்று யாராவது முகம் சுளித்தால் அவரைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறவர்கள் பிள்ளைகள் கூடுகிற இடத்தைத் தேடித்தான் வருவார்கள்.

வகுப்பு நடக்கும்போது அறைக்கதவு திறந்தே இருக்கட்டும். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கு வகுப்பை வராந்தாவிலோ கோயில் முன்னாலோ, நாலு பேர் பார்க்கிற இடத்தில் வையுங்கள். பிள்ளையை பைக்கில் தனியாக வீட்டில் கொண்டுபோய் விடுவது, பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப், செல்போன், கைக்காசு எதுவுமே கூடாது. இந்தக் கட்டுப்பாடுகள் உங்கள் மேல் வீண்பழி விழாமலும் காக்கும்.

கே: ஐந்தாம் வகுப்புப் பெண் குழந்தை. வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து, “அக்கா, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணு” என்றது. நானும் செய்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆள் அவளிடம் நடந்துகொண்டதைச் சொன்னாள். இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?
வாசகி, வியாசர்பாடி

ப: இன்றைக்கே தகவல் கொடுக்க வேண்டும். போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர், தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு சொன்ன தகவல் பிறகு நிரூபணமாகாமல் போனாலும் உங்கள் மேல் வழக்கு வராது.

ஆனால் போன் செய்வதற்கு முன் அந்தக் குழந்தையிடம் பேசுங்கள். “நீ சொன்னது ரொம்ப நல்லது. இதுல உன் தப்பு எதுவும் இல்ல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அக்கா சத்தியம் பண்ணியிருக்கக் கூடாது. உன்னைப் பத்திரமா வெச்சுக்க ரெண்டு மூணு பேர்கிட்ட சொல்லணும். யார்கிட்டன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” கேட்டதும் அழுவாள், கோபப்படுவாள். இருந்தாலும் உங்களை நம்புவதை விட மாட்டாள். தனக்குத் தெரியாமல் விஷயம் வெளியே போனது பிறகு தெரிந்தால்தான் மொத்தமாக வாயை மூடிக்கொள்வாள்.

நீங்கள் விசாரணை நடத்தாதீர்கள். தன்னார்வலர்கள் பாசத்தால் செய்கிற பெரிய தவறு இதுதான். “இங்கே தொட்டானா? அங்கே தொட்டானா?” என்று நாமாக எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு கேள்வியையும், ‘சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்தார்கள்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் திருப்பிப் போடுவார். “என்ன ஆச்சு?”, “அப்புறம்?” என்பதற்கு மேல் வேண்டாம். உடனடியாகத் தெரிய வேண்டியது ஆள் யார், கடைசியாக எப்போது நடந்தது, இன்றிரவு அந்த ஆள் அவளை நெருங்க முடியுமா என்பவை மட்டும்தான்.

வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். குழந்தை சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். கொச்சையான சொல் என்றால் கொச்சையாகவே இருக்கட்டும். திருத்தி எழுதினால் அது உங்கள் வாக்குமூலமாகிவிடும். தேதி, நேரம், இடம், உங்கள் கையெழுத்து வேண்டும். போனில் ரெக்கார்டு செய்யாதீர்கள், தன்னார்வலர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எதை வெளியிட்டாலும் குற்றம்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். நேராக அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். வாய்மொழியாகச் சொன்னால் போதும், அவர்கள் எழுதி உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும். ‘இது எங்க லிமிட் இல்ல’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட முடியும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடவே கூடாது. ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை அதற்குள் ஆரம்பித்தால்தான் பலன். வயதுக்கு வந்த பெண்ணென்றால் அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் நேரம் முக்கியம். எஃப்.ஐ.ஆர். இல்லாமலே சிகிச்சை தர வேண்டும், தனியார் மருத்துவமனையும் காசு கேட்கக் கூடாது. குளிக்க வைக்காமல் அழைத்துப் போங்கள். துணி மாற்றியிருந்தால் பழைய துணியைத் துவைக்காமல், காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

வீட்டில் யாரிடம் சொல்வது? “உன் வீட்ல யார்கிட்ட சொன்னா உன்னை நம்புவாங்க?” என்று குழந்தையிடமே கேளுங்கள். பல வீடுகளில் அது ஆயாவாக இருக்கும். அந்த ஆளிடம் போய் நீங்கள் சட்டையைப் பிடித்தால் அன்றிரவே இரண்டில் ஒன்று நடக்கும். ஆள் தலைமறைவாவான், இல்லையென்றால் ஏரியா பெரியவர்கள் கூடி ‘பொண்ணு வாழ்க்கை’ என்று பஞ்சாயத்துப் பேசி, பணம் கைமாறி, குழந்தையை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு 1098-லிருந்து ஆள் வரும்போது கதவில் பூட்டுத் தொங்கும்.

கே: புகார் கொடுத்தால் குழந்தையை ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் இழுத்தடிப்பார்களே? அந்த பயத்தில்தான் பலர் சொல்வதில்லை.
வாசகி, பெரம்பூர்

ப: பயம் நியாயமானதுதான். சட்டத்தில் இருப்பது தெரிந்தால், நடக்காதபோது நீங்கள் கேட்கலாம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்புகிற இடத்திலோ எடுக்க வேண்டும். கூடியவரை பெண் எஸ்.ஐ. அல்லது அதற்கு மேலுள்ள பெண் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல். குழந்தை நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனை செய்கிறவர் பெண் மருத்துவராக இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் காவல்துறை தகவல் தர வேண்டும்.

பலருக்குத் தெரியாதது ஆதரவு நபர் ஏற்பாடு. போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று வழக்கு முடியும்வரை கூடவே இருக்க ஒருவரை, குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், நலக்குழு நியமிக்கும். பிடிக்கவில்லை என்றால் காரணமே சொல்லாமல் மாற்றச் சொல்லலாம். சாப்பாடு, துணி, பஸ் செலவு போன்ற உடனடித் தேவைக்கும் நலக்குழு பணத்துக்குப் பரிந்துரைக்க முடியும். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் தர வேண்டும் என்கிறது விதி. தினக்கூலி அம்மா ஒருநாள் கோர்ட்டுக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. வழக்குகள் பாதியில் படுத்துவிடுவதற்கு மிரட்டலைப் போலவே இந்தக் கூலி நஷ்டமும் காரணம். இந்தப் பணத்துக்கான மனுவை எழுதித் தருவது தன்னார்வலர் செய்யக்கூடிய மிக உருப்படியான வேலைகளில் ஒன்று.

கே: அடிக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிவந்த பையனை ஓரிரு நாள் என் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
வாசகர், எழும்பூர்

ப: கூடாது. எவ்வளவு நல்ல மனதாக இருந்தாலும் கூடாது. 1098-ஐ அழையுங்கள், ரயில் நிலையம் என்றால் அங்குள்ள குழந்தைகள் உதவி மையத்துக்கோ ரயில்வே போலீஸுக்கோ சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் அவன் நலக்குழு முன் இருக்க வேண்டும்.

கே: எங்கள் கேரம் கிளப்புக்கு வரும் 15 வயதுப் பையன் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மைனருக்கு கேஸ் நிற்காது என்று பெரிய பசங்க சொல்லியிருக்கிறார்களாம். போலீஸிடம் சொன்னால் இவன்தானே மாட்டுவான்?
வாசகர், புளியந்தோப்பு

ப: பெரிய பசங்க சொன்னது பொய். 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, போதைப்பொருள் கடத்தக் குழந்தையைப் பயன்படுத்துகிறவருக்கு ஏழு வருடம் வரை சிறை. கும்பலாகச் சேர்ந்து சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தினாலும் அதே ஏழு வருடம், அபராதம் ஐந்து லட்சம். ‘மைனர்’ என்ற கவசமும் 16 வயதில் மெலிந்துவிடும். கொடுங்குற்றம் என்றால் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்று, சிறார் வழக்குகளைக் கையாளும் சிறார் நீதிக் குழுமம் பரிசீலிக்கும். உங்கள் கையில் இருப்பது சில மாதங்கள்தான்.

போதைக்கும் கடத்தலுக்கும் இழுக்கப்படும் நிலையில் இருக்கும் பிள்ளை, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை என்ற பிரிவிலேயே வருவான். பிடிபடும்வரை காத்திருக்காமல் 1098 வழியாகவோ மாவட்ட அலகு வழியாகவோ நலக்குழுவிடம் கொண்டுபோனால் அவன் குற்றவாளிக் கூண்டுக்குப் போக வேண்டியதில்லை. டீக்கடையில் நிற்கும் தெரிந்த போலீஸ்காரர் காதில் போடுகிற வேலை வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஏரியா முழுக்கத் தெரியும், அடி அந்தப் பையனுக்கு விழும். பிடிபட்டாலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்தில் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

அறிவுரையால் பெரிய பயன் இருக்காது. அந்தக் காசு எங்கே போகிறது என்று விசாரியுங்கள். வீட்டுக் கடன் வட்டிக்குப் போகிறதென்றால், கடனைப் பேசாமல் கஞ்சாவை மட்டும் பேசிப் பிரயோஜனமில்லை. பள்ளியில் பெயர் இன்னும் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். படிப்பு ஏறவில்லை என்றால் 14 வயதிலிருந்தே ஐ.டி.ஐ.யில் சேரலாம், எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் சில தொழிற்பிரிவுகள் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் கிடைக்கும். பொட்டலம் தருகிற காசோடு அது போட்டி போடாதுதான். ஆனால் காலை ஒன்பது முதல் மாலை வரை அவன் அந்தத் தெருவில் இருக்க மாட்டான். வடசென்னையில் கால்பந்தும் பாக்ஸிங்கும் ஏன் இவ்வளவு பிள்ளைகளைத் தாங்கிப்பிடித்திருக்கின்றன என்பதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

கே: ஒருவன் 16 வயதுப் பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து பணம் கேட்டு மிரட்டுகிறான். உதவி கேட்டு அந்தப் படங்களை எனக்கு அனுப்பியிருக்கிறாள்.
வாசகி, பெரும்பாக்கம்

ப: உங்கள் போனில் வந்ததை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், சேமித்தும் வைக்காதீர்கள். குழந்தைகளின் ஆபாசப் படத்தை வைத்திருப்பது குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வந்த விவரத்தைப் புகாரிலேயே சொல்லி, போலீஸ் சொல்கிறபடி அழியுங்கள். ஆதாரம் அவளுடைய போனிலேயே இருக்கட்டும். மிரட்டல் சாட், கணக்கின் முகவரி, பணம் கேட்ட யு.பி.ஐ. எண் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பயத்தில் முதலில் செய்வதே அழிப்பதுதான்.

ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுநாள் தொகை கூடும். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கென்று ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாமல் அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் எடுக்கப்பட்டு, அதில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் தடுக்கப்படும். இந்தச் சில நாள்கள் அவளைத் தனியாக விடாதீர்கள். மன உளைச்சலுக்கு 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

கே: ஒன்றரை வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். கல்யாணமாகி பெங்களூரு போகிறேன். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?
வாசகி, திருவான்மியூர்

ப: கடைசி நாளில் சொல்லாதீர்கள். குறைந்தது நாலு வாரம் முன்பே தேதியோடு சொல்லுங்கள். அடுத்து வருகிறவரை அந்த நாலு வாரமும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘அடிக்கடி போன் பண்றேன், தீபாவளிக்கு வர்றேன்’ என்ற வாக்குறுதிகள் வேண்டாம், வர முடிந்தால் சொல்லாமல் வந்து நில்லுங்கள். எந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்ற குறிப்புகளை அமைப்பின் பொறுப்பாளரிடம் மட்டும் கொடுங்கள். நீங்கள் தகவல் கொடுத்து ஏதாவது வழக்குப் பதிவாகியிருந்தால் நீங்களும் அதில் சாட்சி. சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவந்தால் வழக்கு இழுக்கும். அதனால் பெங்களூரு முகவரியையும் எண்ணையும் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போங்கள்.