சர்க்கரைவள்ளிக் கிழங்கு: கேள்வி பதில்

கேள்வி: கிழங்கு வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கையில் கனமாகவும், அழுத்தினால் உறுதியாகவும் இருக்க வேண்டும். குண்டூசியால் குத்தியது போன்ற துளைகள் தெரிந்தால், கூன்வண்டு உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். கழுவிப் பளபளப்பாக்கிய கிழங்கைவிட மண் ஒட்டிய கிழங்கே அதிக நாள் தாங்கும் என்பதால், மண்ணைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த கிழங்கை எவ்வளவு அவித்தாலும் நடுப்பகுதி கட்டையாகவே இருக்கிறதே, ஏன்?

பதில்: குளிர்தான் காரணம். இது வெப்ப மண்டலப் பயிர். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல நாள் கிடந்தால் திசுக்கள் பாதிக்கப்பட்டு, பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் நடுப்பகுதி இளகாது. 13 முதல் 15 டிகிரி வரையிலான வெப்பநிலையே இதற்கு ஏற்றது. அந்த வசதி இல்லாத வீட்டில், கழுவாமல், பிளாஸ்டிக் பையில் கட்டாமல், காற்றோட்டமுள்ள நிழலான இடத்தில் பரப்பி வைத்து, ஓரிரு வாரங்களுக்குள் சமைத்துவிடுங்கள். அவித்த கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதில் தவறில்லை.

கேள்வி: ஒரே கிழங்கு, சுட்டால் தேனாக இனிக்கிறது, மைக்ரோவேவில் வைத்தால் சப்பென்று இருக்கிறது. இது என் கற்பனையா?

பதில்: கற்பனையே இல்லை. கிழங்கிலுள்ள மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றும் பீட்டா அமைலேஸ் என்ற நொதி, ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி வரையிலான வெப்பத்தில் மும்முரமாக வேலை செய்து, அதற்கு மேல் சூடேறும்போது செயலிழந்துவிடுகிறது. மைக்ரோவேவில் அந்த வெப்பநிலையைக் கிழங்கு சில நிமிடங்களில் தாண்டிவிடுவதால், நொதிக்கு அவகாசமே கிடைப்பதில்லை. ஆகவே தோலோடு முழுதாக, தணிந்த சூட்டில் நிதானமாகச் சுடுங்கள். நுனியில் பழுப்பு நிறப் பாகு கசிந்து பிசுபிசுக்கும்போது கத்தி தடையின்றி இறங்கும். அவிப்பதானால் குளிர்ந்த நீரிலேயே போட்டு, சிறு தீயில் சூடேற்றுங்கள். குக்கரில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ருசிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஒரு முனை கறுத்து, கசப்பு வாடை வீசுகிறது. அதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாமா?

பதில்: கூடாது. பூஞ்சையோ வண்டோ தாக்கிய கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள இபோமியாமரோன் போன்ற நச்சுப் பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றைச் சமையல் சூடு முழுமையாக அழிப்பதில்லை. பூசணம் பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகள் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்ததுண்டு என்பதால், அதை மாட்டுக்கும் போடாதீர்கள்.

கேள்வி: முளைவிட்ட கிழங்கு?

பதில்: சாப்பிடலாம். உருளைக்கிழங்கு முளையில் உள்ள சோலனின் என்னும் நச்சைப் பற்றிய அச்சம் இதில் இல்லை. கிழங்கு சுருங்கியிருந்தால் சுவை குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: நறுக்கியதும் கறுக்கிறதே?

பதில்: காற்றுப் படுவதால்தான். நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் உள்ளவர்கள் எப்படிச் சாப்பிடுவது நல்லது?

பதில்: சுட்டதைவிட அவித்தது இரத்தச் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். அளவை மருத்துவரிடம் கேட்டு, அன்றைய சோற்றையோ ரொட்டியையோ அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.